சீமைக் கத்தியின் வயசு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12-7-1966

அன்புள்ள மச்சான் கோதண்டபாணிக்கு,

அப்பாதுரை எழுதுவது. உன் அக்கா, என் அம்மா, நான், அரிசி மில் எல்லாரும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். அந்த ஊர்க் குளிர் உன்னோடு சமாதானமாகிவிட்டதா என்று எழுது.

ஓர் அவசரம். நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், சிவப்புப் பட்டுத் துண்டின் மேல் ஒரு சவரக்கத்தி இருக்குமே, அதைப் பற்றியது. கல்யாணத்தன்று பந்தலில் எல்லார் எதிரிலும் உங்கள் அப்பா அதை என் கையில் கொடுத்தார். தென்னேரி ஏரி மதகு உடையப் போவதை முதலில் பார்த்துச் சொன்னதற்காக, அவருடைய பாட்டனாருக்கு அந்தக் காலத்துக் கலெக்டர் துரை தம் கையால் கொடுத்தது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்த ஒருவரையும் அதைக் காட்டாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை.

போன ஞாயிறு எதிர்வீட்டு வரதராஜனுக்கும் காட்டினேன். கடிகாரம் பழுது பார்க்கிறவர், புதிதாகக் குடிவந்தவர். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு வந்து, கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாபா அப்பாதுரை, இதுவா நூறு வருஷம்? எங்க அப்பா வச்சிருந்த கத்தி மாதிரியே இருக்குது.”

“உங்க அப்பாவுக்கு எந்தக் கலெக்டர் குடுத்தாரு?”

“கலெக்டர் குடுக்கல. கடைக்காரன் குடுத்தான்.”

உள்ளே என் அம்மா சிரித்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நூறு வருஷத்துக்குக் குறைவு என்று தெரிந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நூறுக்கு மேல் என்றால் அவர் தம் கிராப்பை எடுத்து மொட்டையாக நிற்பதாகச் சொன்னார். என் மீசையை நீ அறிவாய். நெல் கொண்டுவருகிறவர்கள் மில்லின் பெயரைக் கேட்பதில்லை, மீசைக்காரர் மில் எது என்றுதான் கேட்கிறார்கள்.

கத்தியில் ஷெபீல்டு என்று பொறித்திருக்கிறது. நீயும் ஷெபீல்டில் இருக்கிறாய். துர்காப்பூர் உருக்காலைக்காரர்கள் உன்னைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது இதற்காகத்தான் போலும். விசாரித்து எழுது. தீர்ப்பு உன்னுடையது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

மீசையோடு,
அப்பாதுரை


ஷெபீல்டு
24-7-1966

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உடம்புக்குக் குறையில்லை. கோடைக்காலம் என்கிறார்கள், நான் கம்பளிச் சட்டையோடு நம்புகிறேன். உலகக் கோப்பைக் கால்பந்து நடப்பதால் ஊர் தலைகீழாக இருக்கிறது. நேற்று ஜெர்மனிக்கும் உருகுவேக்கும் இங்கேதான் ஆட்டம். பஸ்ஸில் ஒரு ஜெர்மன்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வெற்றியா தோல்வியா என்று கேட்கவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி பார்லோ அம்மாள் பதினாலு வயசிலிருந்து சவரக்கத்தித் தொழிற்சாலையில் பிடி பொருத்துகிற வேலை செய்தவள். உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது கத்தியைப் பற்றியல்ல, மீசை எவ்வளவு நீளம் என்றுதான். கையால் காட்டினேன். “பாவம்!” என்றாள்.

அவள் கேட்கிறவை இவை. கத்தியைத் தாளின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு அனுப்ப வேண்டும். பிடிக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள தண்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பொறிப்பு அப்படியே விழும், இரண்டு பக்கமும் வேண்டும். இன்னொன்று, பிடியை ஒரு துணியால் சூடு ஏறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பார்த்து என்ன வாசனை என்று எழுதவும். எதற்கு என்று கேட்டேன். வாசனை வரட்டும், சொல்கிறேன் என்கிறாள்.

அக்காவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

கோதண்டபாணி


பிள்ளையார்பாளையம்
8-8-1966

மச்சானுக்கு ஜெயம் உண்டாகட்டும். எனக்கு ஏற்கெனவே உண்டாகிவிட்டது.

நீ சொன்னபடி பிடியைத் துணியால் தேய்த்தேன். கை சுட்டதும் முகர்ந்தேன். கற்பூரம்! சந்தேகமே இல்லை, சுத்தமான கற்பூர வாசனை. அம்மா முகர்ந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரதராஜனைக் கூப்பிட்டு மூக்கருகே நீட்டினேன்.

“சூடந்தாம்பா,” என்றார். வேறென்ன சொல்வார்?

நடந்தது இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. துரை கொடுத்ததும் பாட்டனார் கத்தியை நேராகக் காமாட்சியம்மன் சன்னிதிக்கு எடுத்துப் போயிருக்கிறார். பிறகு தலைமுறை தலைமுறையாகப் பூஜை அறையில் இருந்திருக்கிறது. அந்தத் தந்தப் பிடி கற்பூரப் புகையைக் குடித்துக் குடித்து ஊறிப்போயிருக்கிறது. இருபது முப்பது வருஷத்தில் ஊறுகிற வாசனையா இது?

செய்தி தெருவில் பரவிவிட்டது. தறிக்காரர்கள் சாப்பாட்டு வேளையில் வந்து முகர்ந்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஐயம்பேட்டையிலிருந்து நெல் கொண்டுவந்த இருவர், வண்டியை நிறுத்திவிட்டு முதலில் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அம்மா கத்திக்குக் குங்குமம் வைத்திருக்கிறாள். உன் பார்லோ அம்மாளிடம் சொல். வரதராஜனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் தலையைப் பார்த்துச் சிரிக்கிறேன், அவ்வளவுதான்.

படமும் பென்சில் நகலும் உன் அக்கா தனியாக அனுப்புகிறாள். அந்த நிதானம் அவளுக்குத்தான் உண்டு.

அப்பாதுரை


பிள்ளையார்பாளையம்
10-8-1966

தம்பி கோதண்டபாணிக்கு அக்கா ரேணுகாம்பாள் ஆசீர்வாதம்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் போன போட்டோவில் கழுத்துப்பட்டி கழுத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் புடவைக்கு டிசைன் போடுகிறவரிடம் கட்டம் போட்ட தாள் வாங்கி அதில் கத்தியை வரைந்திருக்கிறேன். தண்டின் இரண்டு பக்கத்தையும் தேய்த்து எடுத்தேன். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது.

உன் மாமா மீசைக்குத் தினமும் இரண்டு வேளை எண்ணெய் போடுகிறார். அவர் தோற்றால் மீசை போகும், திரும்ப வளரும். எனக்கு அந்தக் கவலை இல்லை. அப்பா பந்தலில் அத்தனை பேர் எதிரில் சொன்ன வார்த்தை அது. அத்தை நல்லவர்தான். ஆனால் ஒரு நாள், “உங்கப்பா சொன்னது அவ்ளோதானா ரேணுகா?” என்று கேட்டுவிட்டால் எனக்குப் பதில் கிடையாது. அப்பா இருந்தால் அவரே ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அவரும் இல்லை.

நீ இதை எழுது, அதை எழுது என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ரேணுகாம்பாள்


ஷெபீல்டு
4-9-1966

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே தொடர வேண்டும். தாள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே மழை. ஆலையில் இந்த மாதம் என்னை உருக்கைத் தகடாக உருட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டதாகப் பார்லோ அம்மாள் சொல்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

கோதண்டபாணி


பிள்ளையார்பாளையம்
24-10-1966

மச்சான்,

வீட்டில் எல்லாரும் நலம், என் பொறுமையைத் தவிர.

உருளைக்கிழங்கு விலையை நான் கேட்கவில்லை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், திருப்பியும் பார்த்தேன். கத்தி என்ற சொல்லே அதில் இல்லை. அதன் பிறகு ஒரு வரியும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மில்லின் ஸ்பானர்களோடு கத்தியையும் வைத்துப் படைத்தோம். வரதராஜனும் சுண்டல் வாங்க வந்தார்.

“சீமையில இருந்து சேதி வந்துச்சா?”

“வந்துக்கினு இருக்குது.”

“கப்பல்லயா, நீந்தியா?”

தெருவே சிரித்தது. அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. உன் அக்கா மட்டும் சிரிக்காமல் சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தீபாவளிக்கு அவள் ஐயம்பேட்டையில் உங்கள் அம்மாவோடு ஒரு வாரம் இருப்பாள். நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மட்டும் போய் வருவேன். அதற்குள் எழுது. எதுவானாலும் எழுது.

அப்பாதுரை


ஷெபீல்டு
1-11-1966

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ ஐயம்பேட்டையில் இருப்பாய் என்பதால் இதை அம்மா விலாசத்துக்கு எழுதுகிறேன். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அவளுக்குப் படித்துக் காட்டும்போது முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்.

கத்திக்கு நூறு வயசு ஆகவில்லை. கற்பூரம் என்று சொன்னதுமே பார்லோ அம்மாள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். காரணத்தை மாமாவுக்கு எழுதுவேன். நான் இத்தனை நாள் தயங்கியது அதனால் அல்ல.

நீ வரைந்த படத்தை அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். சவரம் செய்த கத்தி நெடுகிலும் தேயும். இது முனைப் பக்கத்தில் மட்டும் பிறைபோலக் குழிந்திருக்கிறது. இது முகத்துக்குப் பயன்பட்ட கத்தியே அல்ல, முனையால் நூல் அறுத்த கத்தி, அதுவும் உலோகம் சேர்ந்த நூலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தீட்டியிருக்க மாட்டார்கள் என்றாள். அவளுக்குச் சரிகை என்றால் என்னவென்று தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

பிறகு பென்சில் நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலக்கையால் பிடித்தால் கட்டைவிரல் பெயர் பொறித்த பக்கத்தில் விழும், இவ்வளவு உழைத்த கத்தியில் பெயர் எப்போதோ மறைந்திருக்கும். இதிலோ பெயர் பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம்தான் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கிறது. “இடக்கைக்காரர் ஒருவர் வருஷக்கணக்கில் பிடித்தது,” என்றாள்.

அக்கா, நம் வீட்டில் இடக்கையால் கோலம் போட்டு அம்மாவிடம் அடி வாங்கியது ஒருத்திதான்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீ பின்கட்டு ஜன்னலருகே யாருடைய பட்டுப் புடவையையோ மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். என்ன செய்கிறாய் என்றால், “ஓரம் அடிக்கிறேன், போய்ப் படி,” என்பாய். நான் போய்ப் படித்தேன். எந்தக் காசில் படித்தேன் என்று கேட்டதில்லை.

மாமாவுக்கு நான் என்ன எழுதட்டும்? நீ சொல்லும்வரை எழுத மாட்டேன்.

உன் தம்பி
கோதண்டபாணி


ஐயம்பேட்டை
15-11-1966

தம்பிக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெயில் காய்கிற நேரத்திலும் கழற்ற மாட்டேன் என்கிறாள். தீபாவளிக்கு உன் மாமா வந்து, மீசையில் அதிரசப் பாகு ஒட்டிக்கொண்டு, பாதி நாள் அதைக் கழுவுவதிலேயே போயிற்று.

நேற்று, கல்யாணத்துக்கு முன் எனக்குப் புடவை வேலை கொடுத்த கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது ஆறு தறி ஓடுகிறது. புடவையின் உள்பக்கத்தில் ஒரு புட்டாவிலிருந்து அடுத்த புட்டாவுக்கு ஓடும் சரிகை இழையை வெட்டி எடுக்க மூன்று பெண்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர், “வாம்மா ரேணுகா, உன் கை மாதிரி ஒரு கை இன்னும் வரல. இதுங்க இழையோட சேத்துப் புடவையையும் வெட்டுதுங்க,” என்றார். அந்தப் பெண்கள் என்னை முறைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். நல்ல காப்பி.

அந்தக் கத்தி அவர் வீட்டுக் கத்திதான். கல்யாணம் நிச்சயமானதும், உன் கைக்குப் பழகியது, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அப்பா அதை வாங்கிச் சாம்பல் போட்டுத் துலக்கினார். எதற்கு என்று எனக்குத் தெரியாது. பந்தலில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை எதிரில் வெறுங்கையோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார். நான் தலை குனிந்திருந்தேன். கல்யாணப் பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீ வயசை உள்ளபடி எழுது. அப்பாவைப் பற்றி ஒன்றும் எழுதாதே. என் கையைப் பற்றியும் வேண்டாம். புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எல்லாவற்றையும் வலக்கையால்தான் செய்கிறேன்.

உன் படிப்புக்கு யார் என்ன செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டு அங்கே சாப்பிடாமல் இருக்காதே. கறிக்குழம்பு வைக்கத் தெரியுமா? மிளகாய்த்தூள் அனுப்புகிறேன்.

ரேணுகாம்பாள்


ஷெபீல்டு
27-11-1966

மாமாவுக்கு வணக்கம். எல்லாரும் திடமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

பிடி தந்தம் அல்ல, செல்லுலாய்டு. கருடசேவைத் திருவிழாவில் விற்கிறார்களே, அமுக்கினால் டப்பென்று உள்ளே போகும் பொம்மை, அதே சரக்கு. அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்க்கிறார்கள். அதனால் எத்தனை வருஷமானாலும் தேய்த்தால் கற்பூரம் மணக்கும். பார்லோ அம்மாளின் தொழிற்சாலையில் தந்தமா செல்லுலாய்டா என்று கண்டுபிடிக்க இப்படித்தான் முகர்ந்து பார்ப்பார்களாம். நூறு வருஷத்துக்கு முன்னால் கத்திக்கு இந்தப் பிடி கிடையாது.

முத்திரையில் ஷெபீல்டு என்பதற்குக் கீழே இங்கிலாந்து என்றும் பொறித்திருக்கிறது. பழைய கத்திகளில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று 1891இல் அமெரிக்காக்காரர்கள் சட்டம் போட்ட பிறகே நாட்டின் பெயரைப் பொறிப்பது வழக்கமாயிற்று. கத்தியின் வளைவைப் பார்த்து, முதல் உலகப் போருக்கு முந்தியது என்கிறாள். ஆகவே வயசு ஐம்பதுக்கு மேல், எழுபத்தைந்துக்குள். வரதராஜன் ஜெயித்தார்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுகிறேன். இந்தக் கத்தியைக் கையாண்டவர் யாராயிருந்தாலும் நல்ல வேலைக்காரர், இவ்வளவு தீட்டியும் ஓரிடத்தில்கூட வாய் சிதறவில்லை என்று பார்லோ அம்மாள் சொன்னாள். உங்கள் மீசைக்குத் தன் அனுதாபத்தையும் தெரிவிக்கச் சொன்னாள்.

கோதண்டபாணி


பிள்ளையார்பாளையம்
18-12-1966

மச்சானுக்கு,

நலம். உதட்டுக்கு மேல் காற்று நேராகப் படுகிறது, மற்றபடி நலம்.

உன் கடிதத்தை நானே வரதராஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு அந்த மனுஷன், “வேணாம்பா, சும்மா பேச்சுக்குச் சொன்னது,” என்றார். தெருவில் பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி விட முடியுமா? இந்தக் கத்தியாலேயே எடுக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கமாகச் சவரத்துக்கு வருகிற வீரபத்திரனைக் கூப்பிட்டேன். அவன் கத்தியைப் பார்த்ததும் பின்வாங்கினான். “இது சவரக்கத்தி இல்லங்க, பிறைநிலா. நான் கை வைக்க மாட்டேன்.”

அப்போது உன் அக்கா கூடத்திலிருந்து வந்தாள்.

“குடுங்க. முனை ஒதவாது, பிடிப் பக்கத்து வாய் நல்லாத்தான் இருக்குது.”

வலக்கையில் வாங்கினாள். வீரபத்திரனின் தீட்டுகிற தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தாள், சரியாக வரவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. நான் மெதுவாக, “உன் கையால எடு ரேணுகா,” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பதினொரு வருஷமாகச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு இவள் எந்தக் கையால் காய் நறுக்குகிறாள் என்று எனக்குத் தெரியாதா? கதவில் இடுக்கு இருக்கிறது. கேட்டால் கூச்சப்படுவாள் என்று கேட்டதில்லை.

கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புடவையில் தொங்கும் இழையை எடுப்பதுபோல, தோலைத் தொட்டதே தெரியாமல் எடுத்தாள். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. அந்தத் தண்டில் அவள் கட்டைவிரல் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன் மச்சான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. நல்ல வேலைக்காரர் என்று நீ எழுதியது யாரை என்று அப்போது புரிந்தது. எழுதாமல் விட்டதும் புரிந்தது.

அம்மா, “இன்னா கைடி அது!” என்று கத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை தன் கல்யாணப் புடவையை எடுத்துவந்து, உள்ளே சரிகை குத்துகிறது, அந்தக் கையால் கொஞ்சம் வெட்டிக் கொடு என்று உன் அக்கா மடியில் போட்டாள்.

இன்னொரு விஷயம். கலெக்டர் கதை என்னவாயிற்று என்று வரதராஜன் கேட்டார். “துரை குடுத்தது வேற கத்தி. அது அன்னிக்கே தென்னேரி ஏரியில விழுந்துடுச்சு. அதுக்குப் பதிலா வந்தது இது,” என்றேன். ஏரியில் இறங்கித் தேடட்டும். என் மாமனார் பந்தலில் சொன்னது சொன்னதுதான்.

மீசையில்லாமல் மில்லுக்குப் போனால், முதலாளி எங்கே என்று என்னிடமே கேட்கிறார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்கிறேன்.

அப்பாதுரை


பிள்ளையார்பாளையம்
16-1-1967

தம்பி கோதண்டபாணிக்கு,

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அம்மா இங்கே வந்திருக்கிறாள், கம்பளியோடு. அத்தையும் அம்மாவும் கரும்பு தின்ன முடியாத பல்லைப் பற்றி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மீசை பாதி வந்துவிட்டது. ஓரம் ஒதுக்க உன் மாமா என்னிடம்தான் வந்து உட்காருகிறார். கண்ணாடி அலமாரியில் இப்போது வரதராஜன் கொடுத்த ஒரு கடிகாரம் இருக்கிறது. ஓடாது. யாராவது கேட்டால் அதற்கு நூறு வயசு என்று உன் மாமா ஆரம்பிக்கிறார். கத்தி என் தையல் பெட்டியில் இருக்கிறது. அவருக்கு வேண்டுமென்றால் என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறார்.

பார்லோ அம்மாளுக்கு ஒரு பட்டுத் துண்டு அனுப்பியிருக்கிறேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயப்படாதே. இந்தக் கையால் இதற்கு முன் எழுதியதில்லை. பழகப் பழக நேராகிவிடும்.

ரேணுகாம்பாள்